அடுத்த படகு வரைக்கும்

எஸ்தோனியக் கரை முடிகிற விர்ட்சுத் துறையில்
எனக்கு ஒரு டிக்கெட் கூண்டு.
ஒரு படகு போனதற்கும் இன்னொன்று வருவதற்கும் நடுவே
முப்பத்தைந்து நிமிடம்.
நரிக்கு ஒரு காது தைக்க அது போதும்.
நான்கு வருடமாகப் போதும்.

வட்டச் சட்டத்துக்குள்ளிருந்து ஒற்றைக் காதோடு
என்னையே பார்க்கிறது அது.
அதற்கு அடியில் தங்கை லீலோவின் கல்யாணத்துக்கான மேசைவிரிப்பு.
மூன்று மூலையில் பாப்பிப் பூ.
நான்காவது மூலைக்கு நான் போய்ச் சேர்வதற்குள்
அவள் விவாகரத்தே வாங்கிவிட்டாள்.
"அப்படியே கொடு ஊர்வே,
இப்போது மேசையைச் சுவர் மூலையில் தள்ளித்தான் போட்டிருக்கிறேன்,
மூன்றுதான் வெளியே தெரியும்" என்கிறாள்.
கொடுக்க மனமில்லை. முடிக்கவும்தான்.

அதற்கும் அடியில் ஒரு குழந்தைத் தொப்பி.
அந்தக் குழந்தை போன கோடையில் கூண்டுக்கு வந்து
சைக்கிளுக்குத் தனி டிக்கெட்டா என்று கேட்டான்.

மாதத்துக்கொரு பறவை என்று தொடங்கிய நாட்காட்டி
ஆகஸ்டு நாரையின் முழங்காலில் நிற்கிறது.
எந்த ஆகஸ்டு என்று கேட்காதீர்கள்.

கையில் இருப்பதை முடிக்காமல் புதிதைத் தொடுவதில்லை என்று
புத்தாண்டன்று சத்தியம் செய்தேன்.
புதுத் துணியின் மேல் கைவைத்துத்தான் செய்தேன்.
வேறெதுவும் எட்டவில்லை.

சத்தியத்துக்குப் பகை முஹு தீவிலிருந்து வரும் கார்கள்.
கண்ணாடி இறங்கும், பணத்தோடு ஒரு கை நீளும்,
அந்தக் கையுறையின் விளிம்பில்
கறுப்பின் மேல் எரிகிற ஆரஞ்சு,
பக்கத்திலேயே வெட்கமில்லாத இளஞ்சிவப்பு.
"கையைக் கொஞ்சம் அப்படியே வையுங்கள்" என்றேன்.
டிக்கெட் சுருளின் முதுகில் இதழ் இதழாக வரைந்தேன்.
பின்னால் ஒன்பது கார்கள் ஹார்ன் அடித்தன.
மீதிச் சில்லறையை இரண்டு முறை கொடுத்திருக்கிறேன்,
இரவுக் கணக்கில் தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் காற்று படகை விடவில்லை.
வரிசையில் பதினான்கு வண்டிகள்,
எல்லாவற்றிலும் தூங்குகிற மனிதர்கள்.
மரம் ஏற்றிய லாரியின் ஹெல்தூர்
வெந்நீர் கேட்டு வந்தவர் நரியைப் பார்த்தார்.
"இதற்கு என்ன ஆச்சு?"
"காது."
"கொடு."
தார்ப்பாய் தைக்கிற கை. என் நூல்பெட்டியை அவர் திறக்கவில்லை,
தன் சட்டைப் பையிலிருந்தே ஒரு சாம்பல் நூலை எடுத்தார்,
பல்லால் கடித்தார்,
இருபது குத்தில் இழுத்து முடிச்சுப் போட்டார்.
ஓநாயிடம் கடன் வாங்கியது போல் ஒரு காது,
புயலுக்குத் தாங்கும்.

நன்றி சொன்னேன். சொல்லும்போதே கோபம் வந்தது.
நான்கு வருடம் நான் தைக்காமல் வைத்திருந்த காது அது.
என்ன சிவப்பு, எத்தனை இழை, எந்தப் பக்கம் சாய்வு
எல்லாம் மனதில் ஆயிரம் முறை தைத்தாயிற்று.
அவருக்கு அது வெறும் ஓட்டை.

சட்டத்திலிருந்து நரியைக் கழற்றினேன்.
பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவது போல
விரல் அந்த வெற்று வட்டத்துக்குள் போய்ப் போய் வந்தது.

விடியலில் காற்று அடங்கியது.
லாரியைக் கிளப்பியபடி ஹெல்தூர் கேட்டார்:
"அடுத்த தடவைக்கு வேறு ஏதாவது இருக்கிறதா?"
மூன்று மூலையும் தொப்பியும் முழங்காலும்
பெட்டிக்குள் மூச்சுப் பிடித்துக்கொண்டன.
"ஒன்றுமில்லை" என்றேன்.

எட்டு மணிப் படகு இன்னும் கண்ணுக்கு வரவில்லை.
சட்டத்தில் கறுப்புத் துணி இறுகி இருக்கிறது.
சும்மா, சட்டம் வளையாமல் இருப்பதற்காக.
ஊசியில் ஆரஞ்சைக் கோர்த்திருக்கிறேன்.
கோர்ப்பது தொடங்குவது ஆகாது.